கறுப்புத் திரை கூறும் செய்தி

கணினியை முடுக்கிவிட்டு, வழக்கமான படம் எழும் என நாம் காத்திருக்கும் வேளையில், கறுப்புத் திரையில் வெண்ணிற எழுத்துக்கள் சில தோன்றுவதுண்டு. "இன்ன தட்டுச் சோதிக்கப்படல் வேண்டும், வேண்டாமெனின் சில விநாடிகளுக்குள் ஏதேனுமொரு விசையை அழுத்துக" என்பது அவற்றின் பொருள். ஒருநாள் தோன்றி மறுநாள் மறைந்துபோகுமாயின் அதுபற்றி நாம் கவலைகொள்ள வேண்டுவதில்லை. ஆனால், காலைதோறும் அதே அறிவித்தல், அதே தட்டின் பெயரோடு, வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் பல உள. அவ்வீட்டார் முதல்வாரம் அஞ்சுவர். இரண்டாம் வாரம் சலிப்படைவர். மூன்றாம் வாரம் எந்த விசையை எத்தனையாம் விநாடியில் அழுத்தினால் அத்தொல்லை நீங்கும் என்பதில் தேர்ச்சி பெற்றுவிடுவர். அதன்பின்னர் அத்திரை அவர்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை.

அந்தத் திரை யாது கூறுகின்றது, ஏன் மீண்டும் மீண்டும் கூறுகின்றது என்பதை ஆராய்வதே நம் நோக்கம். கணினி பழுதுபார்ப்போர் இதனை அறிவர். ஆயின், வீட்டிலே ஒரே பிரதியாக உள்ள படங்களையும் கடிதங்களையும் கணினிக்குள் வைத்திருக்கும் குடும்பத்தாரும், ஆண்டு முழுவதும் செய்த செயற்றிட்டத்தை அதற்குள்ளேயே வைத்திருக்கும் மாணவரும் இதனை அறிந்திருத்தல் அவர்களிலும் அவசியம்.

வன்தட்டு என்பது யாது? உறையினுள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் தட்டுக்கள் நிமிடத்துக்கு 5400 தடவையோ 7200 தடவையோ சுழல்கின்றன. அவற்றின்மேல், மனித மயிரின் தடிப்பில் பதினாயிரத்தில் ஒரு பங்கு எனத்தக்க இடைவெளியில், ஒரு சிறு தலை தொட்டும் தொடாமலும் மிதந்து காந்தக் குறிகளை எழுதியும் வாசித்தும் வருகின்றது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் இவ்வகைத் தட்டை முதன்முதலில் விற்பனைக்கு விட்டபோது, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுக்கள் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொண்டன. அப்பொறியின் நிறையோ ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. இன்று கையளவுள்ள பெட்டியொன்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படங்களையும் விழுங்கிவிட்டு இன்னும் இடமிருக்கிறது என்கின்றது. இத்துணை நுண்மையான பொறி இத்தனை ஆண்டுகள் பழுதின்றி உழைப்பதே வியப்பு என்பது நம் எண்ணம்.

தட்டில் எழுதப்பட்டவை எங்கெங்கே கிடக்கின்றன என்பதைக் காட்டும் இடாப்பொன்றும் அத்தட்டிலேயே உண்டு. பாடசாலையில் மாணவர் வரவு இடாப்பு இருப்பதைப்போல, இன்ன கோப்பு இன்ன இடத்திலே தொடங்கி இன்ன இடத்திலே முடிகின்றது என்பது அதிலே பதியப்பட்டிருக்கும். விண்டோஸ் கணினிகளில் இவ்விடாப்பு முறைக்கு என்.ரி.எவ்.எஸ். என்று பெயர், 1993ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. இடாப்பிலே எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், அல்லது இடாப்பு ஒன்று கூறத் தட்டு வேறொன்று கூறுவதைக் கணினி கண்டுகொண்டால், அத்தட்டின்மீது ஒரு சிறு குறி இடப்படும். ஆங்கிலத்தில் அதனை "டேர்ட்டி பிற்" என்பர். அழுக்குக் குறி என மொழிபெயர்ப்பதிலும் ஐயக்குறி என்பதே அதன் தொழிலுக்குப் பொருந்தும். "இவ்விடாப்பை நம்பலாமோ என ஐயமாயிருக்கிறது, சரிபார்த்த பின்னர் திறக்கவும்" என்பதே அக்குறியின் பொருள்.

காலையில் கணினி எழும்போது ஓட்டோசெக் என்னும் சிறு செயல்நிரல் ஒவ்வொரு தட்டாகச் சென்று அந்த ஐயக்குறி உண்டோ எனப் பார்க்கும். உண்டாயின் சோதனை தொடங்கும். சோதனை குறையின்றி முடிந்தாற்றான் குறி நீங்கும். குறி இருக்கின்றதா என்று நாமே கேட்டறிவதற்குக் கட்டளையுண்டு; வேண்டுமானால் நாமே குறியை இடுவதற்கும் அதே கட்டளையில் வழியுண்டு; ஆனால் அழிப்பதற்கு அதில் வழியில்லை. இதனை அமைத்தவர்கள் நன்கு சிந்தித்தே அமைத்திருக்கின்றனர். இடாப்பைச் சரிபாராமல் "சரி" என்று கையொப்பமிட எவருக்கும் அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

இவ்வளவும் விளங்கினால், காலைதோறும் சோதனை வருவதற்குரிய காரணத்தை இரண்டு கேள்விகளால் நெருங்கிவிடலாம். பழைய குறியே நீங்காமல் இருக்கின்றதா? அல்லது நீங்கிய குறி மீண்டும் மீண்டும் இடப்படுகின்றதா? நாள்தோறும் விசையை அழுத்திச் சோதனையைத் தவிர்ப்பவர் வீட்டிலே முதலாவது நிலையே பெரும்பாலும் இருக்கும். ஓர் இரவு முழுதும் அதனை முடிய விட்டால் தொல்லை தீர்ந்துவிடக்கூடும். முடிய விட்டும் மறுநாள் வருகின்றதாயின், பகலிலே யாரோ அக்குறியை இடுகின்றார்கள் என்று பொருள். அந்த "யாரோ" எவர் எனத் தேடுவதே மிகுதி வேலை.

நம் நாட்டில் எல்லாப் பழியையும் மின்வெட்டின்மீது போடுவது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இன்றி இருந்தவர்கள் நாம்; அப்பழியில் நியாயமும் உண்டு. எனினும் என்.ரி.எவ்.எஸ். முறையில், செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கின்றது. மின்சாரம் இடையில் நின்றாலும், அடுத்தமுறை எழும்போது அக்குறிப்பைப் பார்த்து விட்ட இடத்தைக் கணினி தானே சீர்செய்துகொள்ளும். ஆகவே மின்வெட்டுக்கு மறுநாள் ஒருமுறை சோதனை வருவதில் வியப்பில்லை. மின்வெட்டே நிகழாத வாரத்தில் ஏழு நாளும் வருமாயின், காரணத்தை வேறிடத்திலேதான் தேடவேண்டும்.

இதனை நாம் வலியுறுத்திக் கூறுவதற்குக் காரணமான ஒரு வீடு நம் அயலில் உண்டு. எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரும், உயர்தர வகுப்பில் படிக்கும் அவருடைய பேரனும் அங்கே வாழ்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவில் இருக்கின்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது அம்மையார் தலைமேற் கொண்டுசென்ற பைகளுள் ஒன்றிலே கலியாணப் படங்கள் இருந்தன. தென்மராட்சி சென்று, வன்னி சென்று, அவை திரும்பியும் வந்தன. போரிலே தப்பியவற்றை வீட்டின் ஈரமும் கறையானும் தின்னத் தொடங்கவே, மூத்த மகன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது எஞ்சியவற்றை வருடியினாற் படியெடுத்துக் கணினியில் ஏற்றிச் சென்றார். கடதாசிப் படங்கள் பின்னர் உதிர்ந்துவிட்டன. அவற்றோடு அதே தட்டில் வேறொன்றும் இருந்தது. அம்மையாரின் கணவர் இறப்பதற்குச் சில மாதங்களின் முன்னர், படுக்கையில் இருந்தபடியே பாடிய தேவாரங்களின் ஒலிப்பதிவுகள் ஒன்பது.

அந்தக் கணினியிலே காலைதோறும் சோதனை வந்துகொண்டிருந்தது. கரைச்சல் தாங்காமல் அம்மையார் அதனைக் கடையொன்றுக்கு அனுப்பினார். கடைக்காரத் தம்பி ஒரு கட்டளையை இட்டு, அத்தட்டைச் சோதனைப் பட்டியலிலிருந்து நீக்கிக் கொடுத்தார். அப்படியொரு கட்டளை உண்டு. அது குறியை அழிப்பதில்லை, குறியைப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கின்றது. கறுப்புத் திரை மறைந்தது. வீட்டிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைக்காரரை நாம் குறைகூறோம். "இது வராமற் செய்து தா தம்பி" என்று கேட்டார்கள். அவர் வராமற் செய்து கொடுத்தார். ஏன் வருகின்றது என்று எவரும் கேட்கவில்லை.

மூன்று மாதங்களின் பின்னர் பேரன் நம்மிடம் வந்தான். "சேர், அம்மப்பாவின்ரை படம் சிலது திறக்குதில்லை. கொம்பியூட்டரும் சரியான மெதுவாப் போகுது" என்றான். சென்று பார்த்தோம். தட்டில் ஐயக்குறி உண்டா எனக் கட்டளையிட்டுக் கேட்டபோது, உண்டு என்று உடனே விடை வந்தது. மூன்று மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கின்றது.

இவ்விடத்தில் பெரும்பாலோர் செய்வது யாதெனில், செக்டிஸ்க் என்னும் சோதனைக் கட்டளையை "ஆர்" என்னும் எழுத்தோடு சேர்த்து இட்டுவிட்டு உறங்கச் செல்வதே. கெட்ட இடங்களைத் தேடித் திருத்தும் சோதனை அது. நல்ல தட்டுக்கு அதனாற் கேடில்லை. நலிந்த தட்டுக்கு அதுவே ஆபத்தாகலாம். அது தட்டின் ஒவ்வொரு மூலையையும் வாசிக்கும். பெரிய தட்டாயின் பல மணிநேரம் பிடிக்கும். நோயாளியின் நாடியைப் பார்ப்பதற்காக அவரைக் கோயில் வீதியைப் பத்துமுறை சுற்றச் சொல்வது போன்றது இது. மேலும், செக்டிஸ்க்கின் கடமை இடாப்பை ஒழுங்குபடுத்துவதேயன்றி உங்கள் படங்களைக் காப்பாற்றுவதன்று. இடாப்பிலே உரிமையாளர் இல்லாத துண்டுகளைக் கண்டால், அவற்றை எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகளாக்கி ஒரு மூலையிலே குவித்துவிடும். ஒழுங்கு நிலைநாட்டப்படும், படம் போய்விடக்கூடும். ஆகவே திருத்தத் தொடங்குமுன் படியெடுத்தல் வேண்டும். எழுத்தெதுவும் சேர்க்காமல் செக்டிஸ்க் என்று மட்டும் இட்டால் அது பார்வையிடுமேயன்றி எதனையும் மாற்றாது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

அன்று மாலையே வெளித்தட்டு ஒன்றை இணைத்து, ஒலிப்பதிவுகளை முதலிலும் படங்களை அடுத்தும் பிறவற்றைக் கடைசியிலுமாகப் படியெடுக்கச் செய்தோம். எது முதலில் என்று கணினி கேளாது. அதனை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். பேரன் தன்னுடைய பாடக்குறிப்புகளை முன்னே வைக்க விரும்பினான். "தம்பி, உன்னுடைய குறிப்புக்கள் உன் வகுப்பில் இன்னும் முப்பது பேரிடம் இருக்கின்றன" என்றோம். படங்களில் பதினொன்று வாசிக்கப்படவில்லை. தேவாரங்களில் இரண்டு வாசிக்கப்படவில்லை.

படி கைக்கு வந்த பின்னரே காரணத்தை ஆராய்ந்தோம். வன்தட்டுக்கள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும். "ஸ்மார்ட்" எனப்படும் அக்குறிப்பை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ என்பது பலரும் அறிந்த ஒன்று. அதிலே பல வரிகள் இருப்பினும் நாம் பார்க்கவேண்டியவை சிலவே. கெட்டுப்போனமையால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட துண்டங்களின் தொகையை 5ஆம் இலக்க வரி கூறும். வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் துண்டங்களை 197ஆம் இலக்க வரி கூறும். 199ஆம் இலக்கமோ தட்டைப் பற்றியதன்று. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே செய்தி சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அது. அவ்வெண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றம் பெரும்பாலும் இணைக்கும் கேபிளிலேதான் இருக்கும். சில நூறு ரூபாக் கேபிளின் பொருட்டு நல்ல தட்டைக் குப்பையில் எறிந்தவர்களும் உளர். கேபிளை மாற்றிய பின்னர் அவ்வெண் குறையாது. ஏறாமல் நின்றுவிட்டால் அதுவே வெற்றி.

அந்த வீட்டுக் கணினியில் 199 அசையாமல் இருந்தது. 197 முதல்நாள் 16 என்றும், மறுநாள் 40 என்றும் காட்டியது. இனி ஐயத்துக்கு இடமில்லை.

எண் சிறிதாக இருக்கின்றதே எனச் சிலர் ஆறுதல் கொள்வர். 2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர் மூவர், தம் நிறுவனத்தில் ஓடிய ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து கட்டுரை ஒன்று வெளியிட்டனர். மேற்பரப்பைத் துருவும்போது முதலாவது வழுவைக் காட்டிய தட்டு, அடுத்த அறுபது நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, வழுக் காட்டாத தட்டினதைப் போல் 39 மடங்கு என அவர்கள் கண்டனர். அதே கட்டுரையில் வேறொரு செய்தியும் உண்டு. செயலிழந்த தட்டுக்களில் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, வெப்பநிலை தவிர்ந்த எக்குறிப்பிலும் ஒரு சிறு அடையாளமும் காட்டாமலே செத்திருக்கின்றன. எனவே குறிப்பு எச்சரித்தால் நம்பவேண்டும். எச்சரிக்கவில்லை என்பதை நம்பியிருத்தலாகாது.

எல்லா வீட்டிலும் குற்றம் தட்டினுடையதாகவே இருக்கும் என்பதன்று. திரை எந்தத் தட்டின் பெயரைச் சொல்கின்றது என்பதை முதலிற் கவனிக்கவேண்டும். "சி" என்பதற்குப் பதிலாக வேறோர் எழுத்தைச் சொல்லுமாயின், எப்பொழுதும் செருகியபடியே இருக்கும் பென் டிரைவோ வெளித்தட்டோ அதுவாக இருக்கலாம். அதனை முறைப்படி விடுவிக்காமல் இழுத்தெடுக்கும் பழக்கமே காரணமாகவும் இருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு ஒருநாள் பார்த்தால் தெரிந்துவிடும். சிலவேளை குறியே இல்லாமலும் சோதனை வரும்; யாரோ எப்போதோ "அடுத்தமுறை சோதிக்குக" என்று இட்ட கட்டளை பட்டியலில் நீங்காமல் ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். செக் என்.ரி.எவ்.எஸ். என்னும் கட்டளையைச் சாய்கோட்டோடும் "டி" என்னும் எழுத்தோடும் இட்டால் அப்பட்டியல் பழைய நிலைக்கு வரும். கடைக்காரர் வைத்த விலக்கும் அதனாலேயே நீங்கும். ஒரே கணினியில் விண்டோசையும் லினக்சையும் வைத்திருக்கும் மாணவர்கள், 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்திவைத்தல் நன்று. அவ்வசதியில் கணினி முழுதாக உறங்குவதில்லை. அரை உறக்கத்தில் இருக்கும் தட்டில் மற்றது எழுதினால் இடாப்புக் குழம்பும்.

நினைவகத்தை மறந்துவிடலாகாது. தட்டு நன்றாயிருந்தும், தட்டுக்குச் செல்லுமுன் செய்தி தங்கும் நினைவகத்திலே பழுதிருந்தால், பிழையானதையே தட்டு செவ்வையாக எழுதிவைக்கும். ஸ்மார்ட் குறிப்புத் தூய்மையாக இருக்க, சோதனை மட்டும் வந்துகொண்டேயிருக்கும் கணினிகளில் நாம் நினைவகத்தைச் சந்தேகிப்போம். அதற்குரிய சோதனை விண்டோசுக்குள்ளேயே உண்டு.

இவை யாவற்றிலும் எது என்று அறியச் சான்று வேண்டுமல்லவா? சோதனை முடிந்ததும் திரை மறைந்துவிடுகின்றதே என்பர். அதன் அறிக்கை மறைவதில்லை. நிகழ்வுப் பதிவேட்டில், செயலிகள் என்னும் பிரிவில், வின்இனிற் என்னும் பெயரின்கீழ் அது முழுமையாகக் கிடக்கும். கெட்ட துண்டங்கள் எத்தனை கிலோபைற் என்று அதில் ஒரு வரி இருக்கும். அது பூச்சியமாயின் மூச்சு விடலாம். இந்த வாரம் ஓர் எண்ணும் அடுத்த வாரம் அதனிலும் பெரிய எண்ணும் காணப்படின், திருத்துவதைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டுப் புதிய தட்டு வாங்கவேண்டியதுதான்.

அம்மையார் வீட்டிலும் அதுவே நடந்தது. சுழலும் பகுதி எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பேரன் வாங்கிப் பொருத்தினான். அதற்கும் ஐயக்குறி உண்டு, அதற்கும் மரணமுண்டு என்பதையும், அது முன்னறிவிப்பின்றியே இறந்துவிடுதல் கூடும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவைத்தோம். நலிந்த தட்டுக்களின் நல்ல பகுதிகளை முதலில் வாசித்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைப் பின்னர் பொறுமையோடு திரும்பத் திரும்ப முயலும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதனைப் பழைய தட்டின்மீது இரண்டு இரவுகள் ஓடவிட்டான். பதினொரு படங்களில் ஏழு மீண்டன. தேவாரங்களில் ஒன்று முழுமையாக வந்தது. மற்றையது நடுவிலே அறுந்து, சிறிதுநேரம் மௌனமாயிருந்து, மறுபடியும் தொடர்கின்றது.

அதை அம்மையார் கேட்டபோது நாமும் அங்கிருந்தோம். மௌனம் வந்த இடத்தில் பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மையார் அசையவில்லை. "அதிலை ஒண்டும் போகேல்லை, மாஸ்ரர். அந்த இடத்திலை அவருக்கு இருமல் வந்தது. நான்தான் சுடுதண்ணி குடுத்தனான்" என்றார்.

இப்பொழுது அவ்வீட்டில் பிரதிகள் மூன்று. ஒன்று கணினியில், ஒன்று அலுமாரியில் வெளித்தட்டில், ஒன்று ரொறன்ரோவிலே மகன் வீட்டில். பூரணை விடுமுறைதோறும் புதியவற்றை வெளித்தட்டில் ஏற்றுவது பேரனின் வேலை. பழைய தட்டை எறிய அம்மையார் சம்மதிக்கவில்லை. அதனைத் துணியிற் சுற்றி, கலியாணக் கூறைச் சேலை இருக்கும் பெட்டியிலே வைத்திருக்கின்றார்.